காவற் கடிகாரம் முதல் கணிப்பொறி வரை

அலுவலகத்தில் ஒருவர் தம் வேலையைச் சற்றே நிறுத்திவிட்டு, எதிரிலுள்ள கணிப்பொறியில் ரயிலுக்கு முன்பதிவு செய்கிறார். அல்லது வெளியூரிலிருக்கும் தம்பிக்கு நான்கு வரி எழுதி அனுப்புகிறார். கணிப்பொறி நிர்வாகத்துடையது. இணைய இணைப்புக்குப் பணம் கட்டுவதும் நிர்வாகமே. அந்த ஐந்து நிமிடங்களுக்கும் சேர்த்துத்தான் அவருக்குச் சம்பளம் வழங்கப்படுகிறது. ஆனால் அந்த நான்கு வரிகள் யாருடையவை? அவற்றை மேலதிகாரி எடுத்துப் படிக்கலாமா?

இக்கேள்விக்கு நீதிமன்றங்கள் விடை தேடிய வரலாறும், அவ்வாறு படிப்பதற்கு வழிசெய்த கருவிகள் பிறந்த வரலாறும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஆகவே இரண்டையும் சேர்த்தே காண்போம். இக்கருவிகளுள் பெரும்பாலானவை வேவு பார்ப்பதற்கென்று செய்யப்பட்டவையல்ல என்பதை மட்டும் வாசகர்கள் தொடக்கத்திலேயே மனத்திற்கொள்ள வேண்டும்.

முளைகளும் சாவிகளும்

இங்கிலாந்தில் டார்பி நகரில் வாழ்ந்த ஜான் ஒயிட்ஹர்ஸ்ட் என்ற கடிகார வல்லுநர், சுமார் 1750ஆம் ஆண்டில் இரவுக் காவலாளிகளுக்கென்று ஒரு கடிகாரம் அமைத்தார். அதன் முகத்தில் முட்கள் சுழல்வதற்குப் பதிலாக, விளிம்பெங்கும் சிறு முளைகள் பொருத்திய வட்டத் தட்டு ஒன்று மெல்லச் சுழலும். ஒவ்வொரு முளையும் குறிப்பிட்ட சில நிமிடங்களுக்கு மட்டுமே அழுத்தும் நெம்புகோலுக்கு நேரே வந்து நிற்கும். காவலாளி அந்நேரத்தில் அங்கு வந்து நெம்புகோலை இயக்கினால் முளை உள்ளே போய்விடும். உறங்கிவிட்டாலோ முளை நீட்டிக்கொண்டே நிற்கும். மறுநாட் காலையில் முதலாளி வந்து, நீட்டி நிற்கும் முளைகளை எண்ணிப் பார்த்தால் போதும். காவலாளி எத்தனை முறை தவறினார் என்பது தெரிந்துவிடும். ஆளில்லாமலே ஆளைக் கண்காணிக்கும் கருவி இது.

இதன் பேரப்பிள்ளை என்று சொல்லத்தக்கது, அமெரிக்காவில் ஆபர்ன் என்ற ஊரில் நகைக்கடை நடத்திய வில்லார்டு பண்டி 1888இல் உருவாக்கிய வருகைக் கடிகாரம். தொழிலாளி ஒவ்வொருவருக்கும் எண் பொறித்த சாவி ஒன்று உண்டு. அதனைக் கடிகாரத்தில் செருகித் திருப்பினால், அவருடைய எண்ணும் அந்நேரத்து மணியும் காகித நாடாவில் பதியும். பண்டியின் குழுமம் 1900இல் சர்வதேச நேரப்பதிவுக் குழுமத்துடன் சேர்ந்தது. அது 1911இல் வேறு சில குழுமங்களுடன் இணைந்தது. இணைந்த குழுமம் 1924இல் தன் பெயரை ஐ.பி.எம். என்று மாற்றிக்கொண்டது. உலகிற்குக் கணிப்பொறிகளை விற்ற நிறுவனம் அதுவே. வருகைக் கடிகாரமும் கணிப்பொறியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்று நான் சொன்னால் மாணவர்கள் அதனை உவமை என்று எண்ணிக்கொள்வர். அது நேர்ப்பொருளிலேயே உண்மை.

இக்கடிகாரங்கள் ஆள் வந்தாரா, இல்லையா என்பதை மட்டுமே அளந்தன. வேலையையே விநாடிக்கணக்கில் அளக்கப் புகுந்தவர் பிரடெரிக் டெய்லர். அவருடைய முறையைப் பின்பற்றி, 1911 ஆகஸ்டில் பாஸ்டனுக்கு அருகிலுள்ள வாட்டர்டவுன் படைக்கலத் தொழிற்சாலையில் நிறுத்து கடிகாரத்துடன் ஒருவர் வார்ப்படத் தொழிலாளர்களின் அருகில் போய் நின்றார். தொழிலாளர்கள் கருவிகளைப் போட்டுவிட்டு வெளியேறினர். வேலைநிறுத்தம் ஒரு வாரமே நீடித்தது. ஆனால் அமெரிக்கப் பேராயம் விசாரணைக் குழு அமைத்தது. டெய்லரே 1912 ஜனவரியில் அக்குழுவின் முன் வந்து சாட்சி சொன்னார். 1915இல் இராணுவச் செலவுக்கான சட்டத்திலேயே, இப்பணத்தைக் கொண்டு நிறுத்து கடிகாரத்தால் தொழிலாளரை அளக்கக் கூடாது என்ற விதி சேர்க்கப்பட்டது. இத்தகைய தடை 1949 வரை தொடர்ந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். முளை, சாவி, நிறுத்து கடிகாரம் ஆகிய மூன்றும் தொழிலாளியின் உடலைத்தான் அளந்தன. அவர் என்ன பேசினார் என்பது எந்தக் கடிகாரத்திலும் பதியவில்லை.

தொலைபேசியில் இன்னொரு காது

பேச்சைக் கேட்கும் வாய்ப்பைத் தொலைபேசி தந்தது. இருவர் பேசிக்கொண்டிருக்கும் மின்சுற்றில் மூன்றாவதாக ஓர் ஒலிவாங்கியை இணைத்துவிட்டால், மூன்றாமவரும் அதே பேச்சைக் கேட்கலாம். தொலைபேசி இணைப்பகங்களிலும், தொலைபேசி வழியாகப் பொருள் விற்கும் நிறுவனங்களிலும் மேற்பார்வையாளர் இவ்வாறு இடையிடையே கேட்பது வழக்கமாயிற்று. வாடிக்கையாளரிடம் பணியாளர் பணிவாகப் பேசுகிறாரா என்று பார்ப்பதே இதன் நோக்கம். அது தவறன்று என்பதே என் கருத்தும்.

சிக்கல் எங்கே எழுந்தது என்பதை ஒரு வழக்கு தெளிவாகக் காட்டுகிறது. அமெரிக்காவில் மஞ்சள் பக்கங்களுக்கான விளம்பரங்களைத் தொலைபேசி மூலம் விற்றுவந்த நிறுவனம் எல்.எம். பெர்ரி. விற்பனைப் பேச்சுகள் கேட்கப்படும் என்று அந்நிறுவனம் தன் பணியாளர்களுக்கு முன்னரே அறிவித்திருந்தது. சொந்தப் பேச்சுகளைப் பொறுத்தவரை, அவை சொந்தப் பேச்சுகள்தாமா என்று தெரிந்துகொள்ளும் அளவுக்கு மட்டுமே கேட்கப்படும் என்றும் சொல்லியிருந்தது. ஒருநாள் உணவு இடைவேளையில் பெண் பணியாளர் ஒருவரை அவருடைய தோழி அழைத்தார். பணியாளர் தாம் வேறோர் இடத்தில் வேலைக்கு நேர்முகம் சென்று வந்ததைப் பற்றியும், அந்த வேலையில் தமக்கு ஆர்வம் இருப்பதைப் பற்றியும் பேசினார். மேற்பார்வையாளர் அதைக் கேட்டுவிட்டார். வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தது.

1983இல் அந்நீதிமன்றம் சொன்னது இதுதான்: தொழில் தொடர்பான பேச்சை நிறுவனம் கேட்கலாம், வந்த அழைப்பு எத்தகையது என்று அறிவதற்காகவும் சற்றுக் கேட்கலாம், சொந்தப் பேச்சு என்று தெரிந்த அந்தக் கணமே கேட்பதை நிறுத்திவிட வேண்டும். மேற்பார்வைக்கு ஒப்புக்கொண்டதனால், எல்லாவற்றையும் கேட்க ஒப்புக்கொண்டதாகப் பொருள் கொள்ளலாகாது.

இத்தீர்ப்பை நான் மிகவும் மதிக்கிறேன். ஒலிவாங்கி கண்காணிப்பவரின் கையில் இருக்கிறது. அதை அவர் கீழே வைக்கலாம். தாம் கேட்கக் கூடாததைக் கேட்கிறோம் என்று உணர்வதற்கு அவருக்கு ஒரு நொடி கிடைக்கிறது. சட்டம் அந்த நொடியைப் பற்றிக்கொண்டது. அடுத்து வந்த கருவிக்கு அப்படி ஒரு நொடியே கிடையாது. அக்கருவியின் வரலாற்றைக் காண நாம் பத்தாண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

ஈதரில் போகும் பொட்டலங்கள்

கலிபோர்னியாவில் பாலோ ஆல்ட்டோ நகரில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. ஓர் அறையிலுள்ள கணிப்பொறியிலிருந்து மற்றோர் அறைக்குச் செய்தி அனுப்புவது எப்படி என்று அங்கே ராபர்ட் மெட்காஃப் என்பவர் ஆராய்ந்துவந்தார். 1973 மே 22ஆம் நாள் எழுதிய குறிப்பில் அவர் ஓர் எளிய வழியைக் கூறினார். கட்டடம் முழுவதும் ஒரே ஒரு வடத்தை இழுத்துச் செல்லுங்கள். எல்லாக் கணிப்பொறிகளையும் அதிலேயே பொருத்துங்கள் என்பதே அது. டேவிட் பாக்ஸ் என்பவருடன் சேர்ந்து அவர் இதனைச் செய்து காட்டினார். வேகம் விநாடிக்கு 2.94 மில்லியன் பிட்டுகள்.

இதற்கு அவர் வைத்த பெயர் ஈதர்நெட். ஒளியலைகளைச் சுமந்து செல்லும் ஊடகமாக ஈதர் என்ற ஒன்று எங்கும் நிறைந்திருப்பதாக 19ஆம் நூற்றாண்டினர் நம்பியதையும், 1887இல் மைக்கல்சனும் மார்லியும் தேடியபோது அதன் சுவடே கிடைக்காததையும் இயற்பியல் மாணவர்கள் அறிவர். இயற்பியலார் கைவிட்ட பெயரைப் பொறியியலார் எடுத்துக்கொண்டனர். பெயர் பொருத்தமானதே. வடத்தின் ஓரிடத்தில் உண்டாக்கப்படும் மின்னழுத்தத் துடிப்பு, ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் மூன்றில் இரு பங்கு வேகத்தில் இருபுறமும் பாய்கிறது. ஒரு கிலோமீட்டர் வடத்தை அது 5 மைக்ரோ விநாடிகளில் கடந்துவிடும். வழியிலுள்ள ஒவ்வொரு கணிப்பொறியும் அத்துடிப்பை உணரும். ஒரு மேசையிலிருந்து மற்றொரு மேசைக்கு அனுப்பிய செய்தி எல்லா மேசைகளுக்கும் போகிறது.

அப்படியானால் செய்தி உரியவரிடம் மட்டும் சேர்வது எவ்வாறு? செய்தி சிறுசிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் தலையிலும் பெறுபவரின் முகவரி எண் இருக்கும். ஒவ்வொரு கணிப்பொறியும் அந்த எண்ணைத் தன் எண்ணுடன் ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தினால் எடுத்துக்கொள்ளும், பொருந்தாவிட்டால் விட்டுவிடும். கூட்டுக் குடும்பத்தில் எல்லார் முன்னும் உரக்கப் படிக்கப்படும் கடிதத்தை, தனக்குரியதல்ல என்று கேட்காததுபோல் இருந்துவிடும் நல்ல பிள்ளையைப் போல இக்கணிப்பொறிகள் நடந்துகொள்கின்றன! ஆனால் அது வெறும் நடத்தைதான். ஒப்பிடும் வேலையை நிறுத்திவிடுமாறு சுற்றுக்குக் கட்டளையிட்டால், கணிப்பொறி எல்லாருடைய பொட்டலங்களையும் வாங்கத் தொடங்கிவிடும்.

அவ்வாறு எல்லாவற்றையும் வாங்கும் ஏற்பாடு நல்ல நோக்கத்துடனேயே பயன்பட்டது. 1986 அக்டோபரில், லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் அதிலிருந்து 400 கஜத் தொலைவிலிருந்த பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே செய்திப் போக்குவரத்து திடீரென்று ஸ்தம்பித்தது. விநாடிக்கு 32,000 பிட்டுகள் போய்க்கொண்டிருந்த வழியில் 40 பிட்டுகளே போயின. காரணத்தை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் வான் ஜேக்கப்சன். அவரும் அவருடைய ஆய்வகத் தோழர்களும் 1988இல் எழுதிய ‘டிசிபிடம்ப்’ என்ற கட்டளைநிரல், வடத்தில் போகும் பொட்டலங்களைப் பிடித்துத் திரையில் காட்டும். கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க இன்றும் அதனைப் பயன்படுத்துகின்றனர். மருத்துவர் மார்பில் வைக்கும் குழாயைச் சுவரில் வைத்து அடுத்த வீட்டுப் பேச்சையும் கேட்கலாம் அல்லவா? இதுவும் அப்படித்தான்.

இன்னொரு கருவியும் இவ்வாறே பிறந்தது. ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் அணுத்துகள் ஆய்வு நிலையத்தில் உலகளாவிய வலை தோன்றியதை வாசகர்கள் அறிவார்கள். அந்நிலையத்தின் வழங்கிக்கு 1994இல் ஒரு புதிய வேலை தரப்பட்டது. நிறுவனத்துக்குள் இருக்கும் எல்லாருடைய வேண்டுகோள்களையும் வாங்கி, அவர்கள் சார்பில் வெளியே சென்று பக்கங்களைக் கொண்டுவந்து தரும் முகவராக அது இருக்க வேண்டும். ஒருவர் கேட்ட பக்கத்தைச் சேர்த்து வைத்து, அடுத்தவர் கேட்கும்போது உடனே கொடுத்தால் மெதுவான இணைப்புகளில் நேரம் மிச்சமாகும். எந்தக் கணிப்பொறி, எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கத்தைக் கேட்டது என்று வேண்டுகோள் ஒன்றுக்கு ஒரு வரியாகப் பதிவேட்டில் எழுதிக்கொள்வது முகவரின் இயல்பு. இணைய இணைப்பு பெற்ற அலுவலகங்களில் இத்தகைய முகவர்கள் வந்து அமர்ந்தபோது, அந்தப் பதிவேடும் கூடவே வந்தது. யாரும் கேட்காமலே கிடைத்த வருகைப் பதிவு!

உறையும் கடிதமும்

தொடக்கத்தில் நீதிமன்றங்கள் இதைப் பெரிதாக எண்ணவில்லை. பணியாளர்களின் மின்னஞ்சல் இரகசியமாகவே வைக்கப்படும் என்று பில்ஸ்பரி நிறுவனம் உறுதியளித்திருந்தது. பின்னர் அஞ்சலைப் படித்து ஒருவரை வேலையிலிருந்து நீக்கியது. அவர் தொடுத்த வழக்கை 1996இல் பென்சில்வேனியாவிலுள்ள கூட்டரசு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நிறுவனத்தின் அஞ்சலமைப்பில் எழுதிய பின் இரகசியத்தை எதிர்பார்க்க முடியாது என்பது தீர்ப்பு. கொடுத்த வாக்குறுதிக்கும் அங்கே மதிப்பில்லை.

ஐரோப்பாவில் வேறு திசையில் காற்று வீசியது. பிரிட்டனில் மெர்சிசைடு காவல்துறையின் உயரதிகாரி அலிசன் ஹால்ஃபர்டு, பெண் என்பதால் தமக்குப் பதவி உயர்வு மறுக்கப்படுவதாக வழக்குத் தொடுத்திருந்தார். அக்காலத்தில் அவருடைய அலுவலகத் தொலைபேசி ஒட்டுக்கேட்கப்பட்டது. ஸ்ட்ராஸ்பூர்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1997இல் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. பேச்சு கேட்கப்படலாம் என்று அவருக்கு யாரும் எச்சரிக்கை விடுக்கவில்லை என்பதை அது சுட்டிக்காட்டியது. 2007 ஏப்ரலில் அதே நீதிமன்றம் மேலும் ஒரு படி சென்றது. வேல்ஸிலுள்ள ஒரு கல்லூரியில், பணியாளர் ஒருவர் எந்த வலைத்தளங்களைப் பார்த்தார், எப்போது, எவ்வளவு நேரம் பார்த்தார் என்பனவற்றை நிர்வாகம் அவருக்குத் தெரியாமல் திரட்டியிருந்தது. கடிதத்தைப் படிக்கவில்லை, உறையைத்தான் பார்த்தோம் என்று சொல்லித் தப்ப முடியவில்லை. முன்னறிவிப்பும் சட்ட அடிப்படையும் இல்லாமல் உறையைத் திரட்டுவதும் அத்துமீறலே என்று நீதிமன்றம் கூறியது.

உறையை மட்டும் பார்த்தே எவ்வளவு அறியலாம் என்று எண்ணிப் பாருங்கள். ஒருவர் தொடர்ந்து பத்து நாட்கள் ஒரு புற்றுநோய் மருத்துவமனையின் தளத்துக்குப் போயிருந்தால், அவர் அங்கே என்ன படித்தார் என்று தெரிய வேண்டியதேயில்லை.

புக்காரெஸ்டில் 45 பக்கங்கள்

இனி வருவதுதான் இவ்வரலாற்றின் நடுவான வழக்கு. ருமேனியத் தலைநகர் புக்காரெஸ்டில், தனியார் நிறுவனம் ஒன்றில் விற்பனைப் பொறுப்பிலிருந்த பொறியாளர் ஒருவர், வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்வதற்காக நிர்வாகம் கேட்டுக்கொண்டபடி யாஹூ மெசஞ்சரில் ஒரு கணக்குத் தொடங்கினார். கணிப்பொறி, நகலெடுக்கும் பொறி, தொலைபேசி, டெலக்ஸ், தொலைநகல் ஆகியவற்றைச் சொந்த வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அலுவலக விதி கூறியது. கண்காணிப்பைப் பற்றி அவ்விதியில் ஒரு சொல்லும் இல்லை. 2007 ஜூலைத் தொடக்கத்தில், சொந்த வேலைக்கு இணையத்தைப் பயன்படுத்திய ஒருவர் நீக்கப்பட்டார் என்ற சுற்றறிக்கை வந்தது. ஜூலை 5ஆம் நாளிலிருந்து பொறியாளருடைய செய்திகள் பதிவு செய்யப்பட்டன. 13ஆம் நாள் அவரை அழைத்துக் கேட்டார்கள். அலுவலக வேலைக்கு மட்டுமே பயன்படுத்தினேன் என்று அவர் எழுதிக்கொடுத்தார். உடனே அவர் முன் 45 பக்கங்கள் வைக்கப்பட்டன. தம் சகோதரருக்கும், தாம் மணக்கவிருந்த பெண்ணுக்கும் அவர் அனுப்பிய செய்திகள் அவற்றில் எழுத்துக்கு எழுத்து இருந்தன, சில அந்தரங்கமானவை. ஆகஸ்ட் 1ஆம் நாள் வேலை போயிற்று.

அவர் பொய் சொன்னார் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. விதியை மீறியதும் உண்மையே. ருமேனிய நீதிமன்றங்கள் அதையே பிடித்துக்கொண்டன. பார்புலெஸ்கு வழக்கு என்று பெயர்பெற்ற இவ்வழக்கு ஸ்ட்ராஸ்பூர்குக்குப் போனது. 2016 ஜனவரியில் ஏழு நீதிபதிகளுள் ஆறு பேர் நிறுவனத்தின் பக்கம் நின்றனர். அவரே அலுவலகச் செய்திகள்தாம் என்று சொன்னதனால், அலுவலகச் செய்திகள் என்று நம்பியே நிறுவனம் பார்த்தது என்பது அவர்கள் வாதம்.

வழக்கு அந்நீதிமன்றத்தின் பேரமர்வுக்குச் சென்றது. 2017 செப்டம்பர் 5ஆம் நாள், 11க்கு 6 என்ற கணக்கில் தீர்ப்பு தலைகீழாக மாறியது. தடை இருப்பது அவருக்குத் தெரியும். ஆனால் எந்த அளவுக்குக் கண்காணிக்கப்படுவார், செய்திகளின் உள்ளடக்கமே படிக்கப்படுமா என்பவை அவருக்கு முன்கூட்டிச் சொல்லப்படவில்லை. விதியை மீறினாரா என்று அறிய, செய்திகளைப் படிக்காமலே வேறு வழி இருந்ததா என்று உள்நாட்டு நீதிமன்றங்கள் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. நிறுவனம் என்ன விதி போட்டாலும், அலுவலகத்தில் மனிதருடைய சொந்த வாழ்வை அறவே இல்லாமற் செய்துவிட முடியாது என்றும் பேரமர்வு கூறியது.

1983ஆம் ஆண்டுத் தீர்ப்பு இப்போது உங்கள் நினைவுக்கு வரலாம். சகோதரருக்கு எழுதிய செய்தி என்பது முதல் வரியிலேயே தெரிந்திருக்கும். விதிமீறலை மெய்ப்பிக்க அந்த ஒரு வரியே போதும். 45 பக்கங்கள் எதற்கு? பொறி தானாக நிறுத்துவதில்லை. நிறுத்த வேண்டியவர்கள் நிறுத்தவில்லை.

பூட்டு வந்த பிறகு

இதற்கிடையே தொழில்நுட்பம் மாறிவிட்டது. எல்லாரும் ஒரே வடத்தைப் பகிர்ந்துகொள்ளும் முறை 1990களில் மறையத் தொடங்கி, அவரவர் பொட்டலத்தை அவரவருக்கே அனுப்பும் நிலைமாற்றிகள் வந்தன. வலைத்தளங்களுடன் நடக்கும் உரையாடல் இன்று பெரும்பாலும் மறையாக்கம் செய்யப்பட்டே போகிறது. வழியில் பிடிப்பவருக்கு எந்தத் தளம், எவ்வளவு தகவல் என்பன பொதுவாகத் தெரியும், எழுதியது தெரியாது. நிறுவனம் தன் கணிப்பொறிகளில் தனக்குரிய சான்றிதழைப் பதித்து வைத்து நடுவில் பூட்டைத் திறந்து மூடுவதும் உண்டு. அதைவிட எளிய வழி, பூட்டுவதற்கு முன்பே, விசைப்பலகையிலேயே பிடித்துவிடுவது. அழுத்தும் ஒவ்வொரு விசையையும் பதிவு செய்யும் நிரல்கள் உள்ளன.

இதற்கு எவ்வளவு இடம் வேண்டும்? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் நிமிடத்துக்கு 240 எழுத்துகள் வீதம் 8 மணி நேரம் ஓயாமல் தட்டுவதாகக் கொண்டால் நாளொன்றுக்கு 1,15,200 எழுத்துகள். 300 வேலை நாட்களுக்குச் சுமார் 3 கோடியே 46 லட்சம். எழுத்துக்கு ஒரு பைட் என்றால், 1,000 பணியாளர்களின் ஓராண்டு முழுவதும் சுமார் 35 ஜிகாபைட்டில் அடங்கிவிடும். நகத்தளவேயுள்ள 64 ஜிகாபைட் நினைவட்டை ஒன்றில் பாதிக்குச் சற்றுக் கூடுதலாக நிரம்பும். ஒரு நேரத்தில் ஒரு பேச்சை மட்டுமே கேட்க முடிந்த பழைய மேற்பார்வையாளரோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஜெர்மனியில் ஒரு நிறுவனம் 2015இல் இத்தகைய நிரலை வைத்தது. விசைகளோடு, இடையிடையே திரையின் படங்களும் பதிவாயின. வலைத்தளங்கள் அமைக்கும் பணியாளர் ஒருவர் அதில் சிக்கினார். சிறிதளவு சொந்த வேலை செய்தது உண்மை, பெரும்பாலும் இடைவேளைகளில் என்று அவர் ஒப்புக்கொண்டார்; நிறுவனம் அவரை நீக்கியது. இணையப் போக்குவரத்து பதிவாகும் என்று அங்கே முன்னறிவிப்பு இருந்தது. ஆயினும் 2017 ஜூலை 27ஆம் நாள் கூட்டரசுத் தொழிலாளர் நீதிமன்றம், குற்றம் நடந்ததாகக் குறிப்பான ஐயம் எதுவுமின்றி ஒருவருடைய ஒவ்வொரு விசையையும் பதிவு செய்தது சட்டவிரோதம் என்றும், அவ்வாறு திரட்டிய சான்று செல்லாது என்றும் கூறியது. அவர் ஒப்புக்கொண்ட அளவுக்கு ஓர் எச்சரிக்கை போதும். வேலைநீக்கம் செல்லாது என்றும் அறிவித்தது.

இந்த ஜெர்மன் தீர்ப்புக்கும் ஸ்ட்ராஸ்பூர்க் தீர்ப்புக்கும் இடையே, 2017 ஆகஸ்ட் 24ஆம் நாள், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். அந்த வழக்கு ஆதார் தொடர்பானது, அலுவலகங்களைப் பற்றியதன்று. நாடாளுமன்றம் 2023இல் இயற்றிய தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, பணி தொடர்பான நோக்கங்களுக்காகவும், நிறுவனத்தை இழப்பிலிருந்து காப்பதற்காகவும் பணியாளரைப் பற்றிய தகவலை அவருடைய இசைவின்றியே கையாள இடமளிக்கிறது. உறை எது, கடிதம் எது என்று அந்தப் பிரிவு பிரித்துச் சொல்லவில்லை.